அரபிப் பொத்தான்கள்

தீபாவளி கழிந்த மாதம் மதுரையில் வைத்து சிவசைலத்தின் குரல்வளையை எடுத்தார்கள். புற்று. எடுக்காவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தின் அடிக்குழியில் ஒரு துளை வைத்து, மூச்சு இனி அந்த வழியாகத்தான் என்று அனுப்பிவைத்தார்கள். வாய் இருந்தது, நாக்கு இருந்தது, உதடும் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அதற்கு முன்னால் திருநெல்வேலி டவுணில் கல்யாணச் சேலை எடுத்த குடும்பங்களில் அவர் குரலைக் கேட்காத குடும்பம் குறைவு. தெற்கு ரதவீதி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு அவர் கையில் இருந்தது. "மதினி, அந்தப் பச்சையக் கீழ வைங்க. ஒங்க நிறத்துக்கு அது எடுக்காது. இந்த அரக்குக் கலரக் கொண்டுபோயி வாசல் வெளிச்சத்துல பைய விரிச்சுப் பாருங்க" என்பார். ஒரு சேலைக்கு வந்தவர்கள் மூன்று சேலையோடு படி இறங்குவார்கள். திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் இறங்குவார்கள்.

திரும்பி வந்தவரை முதலாளி நிறுத்திவிடவில்லை. மாடியில் சரக்கு அறைக்கு மாற்றினார். வருகிற கட்டுகளைப் பிரித்து விலைச்சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். "கழுத்துல தூசி போயிராம துண்டச் சுத்திக்கிடுங்க அண்ணாச்சி. பேச்சு வேண்டாத வேலை பாத்துக்கிடுங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஊர் இன்னொன்றையும் தானாகவே தீர்மானித்துக்கொண்டது. பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்தார்கள். கடை பெருக்கி டீ வாங்கித் தரும் செல்லக்கிளி, படியேறி வந்து அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணாச்சீ! டீ வேணுமா, டீ!" என்று கத்துவாள். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டவும் செய்வாள். அவர் தலையாட்டுவார். கீழே இறங்கும்போது, "பாவம், அந்த மனுசன் எப்படி இருந்த ஆளு" என்று அவள் பைய யாரிடமோ சொல்வதும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஆறு. நடக்கப் பழகிய நாளிலிருந்து குறுக்குத்துறையில் முங்கிக் குளித்தவர். இப்போது முங்கினால் துளை வழியாகத் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். படித்துறையில் உட்கார்ந்து முழங்கால் வரை நனைத்துக்கொண்டு, குளிப்பவர்களைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

மனைவி வடிவம்மாள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் சித்ரலேகா கோயம்புத்தூரில் இருந்தாள். மாப்பிள்ளை குமரகுருபரனுக்கு அங்கே மோட்டார் பம்பு ரிப்பேர் பட்டறை. பூர்வீகம் ஆழ்வார்திருநகரிப் பக்கம். நல்ல உழைப்பாளி, ஆனால் பேச்சு கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து மாமனாரிடம் அவர் பேசியது "வாங்க", "வாரேன்", "சரி" என்ற மூன்று சொல்லைத் தாண்டியதில்லை. தலைக்கனம் போல என்று சிவசைலம் முடிவுசெய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளுக்கு போன் செய்வது முன்பு வழக்கம். கீழரத வீதி முக்கில் காஜா முகைதீனின் எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வரிசை நிற்பதைக்கூட மறந்துவிடுவார். ஆபரேஷனுக்குப் பிறகும் போனார். சித்ராவின் வீட்டு போனுக்கு காஜா முகைதீன் நம்பர் போட்டு, "அப்பா இங்கன நிக்காகம்மா, பேசு" என்று ரிசீவரை அவரிடம் கொடுப்பான். அவள் கேட்பாள், அவர் நகத்தால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

"சாப்ட்டியளா?"

ஒரு தட்டு.

"வலி இருக்காப்பா?"

இரண்டு தட்டு.

அப்புறம் அவளுக்குக் கேட்க ஒன்றும் கிடைக்காது. ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகள் எவ்வளவுதான் இருக்கின்றன? இரண்டு பக்கமும் சும்மா இருக்கும். அவர் துளை வழியாக விடும் மூச்சு ரிசீவரில் இரைவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. அவர் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அன்றைக்குத்தான் காஜா முகைதீன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு செல்போனை எடுத்து வைத்தான். அவன் மச்சான் சவுதியில் தம்மாமிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழையது. "அண்ணாச்சி, இதுல பேசவே வேண்டாம். எழுதி அனுப்பலாம். அனுப்புன ஒடனே அங்கன போயி நிக்கும். ஒங்க மாப்பிள்ளைட்ட செல்லு இருக்குல்லா? நம்ம மாவட்டத்துக்கும் டவர் வந்துட்டு, அதே கம்பெனி சிம்மு வாங்கிப் போட்டுருவோம்" என்றான்.

சிவசைலம் வாங்கிப் பார்த்தார். பொத்தான்களில் கொட்டை கொட்டையாக அரபி எழுத்து. அவற்றின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஆங்கில எழுத்து, அதிலும் பாதி தேய்ந்து போயிருந்தது. திரையிலும் அரபிதான், வலமிருந்து இடமாக ஓடியது. அவர் காஜா முகைதீனைப் பார்த்தார். உனக்குத்தான் ஓத வருமே என்று கை காட்டினார்.

"ஓத வரும் அண்ணாச்சி. அர்த்தம் தெரியாது" என்றான் அவன். திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதுல ஜபரு, ஜேருன்னு மேலயும் கீழயும் போடுத குறி ஒண்ணையும் காணும். வெறும் புள்ளி எழுத்த வச்சு நா எப்படி ஓதுவேன்?" என்று சிரித்தான்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார்கள். மணி அடித்தது, விளக்கு எரிந்தது, விளையாட்டுப் பாம்பு ஒன்று ஓடியது, எதையோ நீக்கட்டுமா என்று அது அரபியில் கேட்டபோது பயந்து பின்வாங்கினார்கள். கடைசியில் ஏதோ ஒரு மூலையில் 'இங்கிலீஷ்' என்ற சொல் அகப்பட்டது. நீர்வீழ்ச்சியைக் கண்டவன் போல காஜா முகைதீன் கத்தினான். சிவசைலமும் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் வரவில்லை. கழுத்துத் துண்டு மட்டும் படபடவென்று ஆடியது.

அந்த போனுக்குத் தமிழ் தெரியாது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சிவசைலம் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், எழுத்து தெரியும். ஆனால் எழுத்து இருக்கிற இடம் தெரியவில்லை. ஒரு பொத்தானில் மூன்று எழுத்து, சிலதில் நாலு. ஒரு தட்டுக்கு ஒன்று, இரண்டு தட்டுக்கு அடுத்தது. அவர் பெயரின் முதலெழுத்து எஸ்ஸுக்கே நாலு தடவை அழுத்த வேண்டும். 'சித்ரா' என்று அடிக்கப் போனால் ஹெச்சும் ஐயும் ஒரே பொத்தானில் குடியிருந்தன. ஒன்றை அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் ஒன்று இன்னொன்றாக மாறிவிடும். பொறுத்தால், அடுத்து என்ன அடிக்க வந்தோம் என்பது மறந்துபோகும். பட்டுச்சேலை மடிப்பை ஒரே சுண்டலில் விரித்த விரல்தான், இந்தப் பொத்தானில் முரடாகிவிட்டது. ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அழுந்தியது.

சில நேரம் எந்தப் பொத்தான் பட்டதோ, திரை திடீரென்று அரபிக்குப் போய்விடும். அடித்த தமிழெல்லாம் வலது ஓரத்துக்கு ஓடி ஒதுங்கி நிற்கும். காஜா முகைதீன் கடை திறக்கும்வரை அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரக்கு அறையில் டீ நேரத்தில் பழகினார். சாயங்காலம் வீட்டு மொட்டை மாடியில் பழகினார், சிக்னல் அங்கேதான் கிடைத்தது. தேய்ந்துபோன ஆங்கில எழுத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, அரபி எழுத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டார். படகு மாதிரி இருப்பதில் ஏ, பி, சி. கொக்கி மாதிரி இருப்பதில் ஜி, ஹெச், ஐ. அர்த்தம் தெரியாத அந்த எழுத்துகள் நாளாக ஆகத் தெருவில் தினம் பார்க்கிற முகங்கள் மாதிரி ஆகிவிட்டன.

முதலில் அனுப்பியது, 'சித்ரா நான் அப்பா'. அவ்வளவுதான். அதற்கே ஒரு சாயங்காலம் ஆயிற்று. அனுப்பிவிட்டு மாடியில் நடந்துகொண்டிருந்தார். நெல்லையப்பர் கோயில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது போன் கீச்சென்றது.

'அப்பா. சந்தோஷம். தினமும் எழுதுங்க. சித்ரா.'

அதை அவர் கீழே இறங்கிப் போய் உட்கார்ந்து படித்தார். மறுபடி மாடிக்கு வந்து படித்தார்.

அதற்கப்புறம் தினமும் எழுதினார். கை ஓட ஓட, வாயால் ஒருபோதும் மகளிடம் சொல்லாததையெல்லாம் எழுதினார். சரக்கு அறைக்கு மாற்றியதை எழுதினார். கீழே வேறொரு ஆள் பட்டு விரித்துப் பேசுவது தளம் வழியாகக் கேட்பதையும், அவன் தப்பான நிறத்தை எடுத்துக் காட்டும்போது தான் படி வரை போய்த் திரும்பிவிடுவதையும் எழுதினார். 'ஒருநாள் கட்டுகளுக்கு நடுவே உக்காந்து அழுதேன். சத்தம் வராததால் யாருக்கும் தெரியவில்லை' என்று எழுதினார். ஆற்றில் முங்க முடியாததை எழுதினார்.

பதில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடும். சின்னப் பதில்தான். ஆனால் படித்துப் பார்த்து எழுதிய பதில். 'ஆத்துக்குப் போறத விடாதீங்க அப்பா. சொம்பால மோந்து தோளுக்குக் கீழ ஊத்திக்கலாம். துண்ட நல்லாச் சுத்திக்கோங்க.' அதன்படி மறுநாளே ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு குறுக்குத்துறைக்குப் போனார். தண்ணீர் முதுகில் ஓடியபோது உடம்பு சிலிர்த்தது. வந்து அதையும் எழுதினார். 'சபாஷ் அப்பா' என்று வந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜா முகைதீன் அவரைக் கூப்பிட்டான். சித்ரா பூத்துக்கு போன் செய்திருந்தாள். சிவசைலம் ரிசீவரைக் காதில் வைத்தார். மகளின் குரல் கேட்டு நாளாகியிருந்தது.

"அப்பா, எப்படி இருக்கிய? முகூர்த்தமா வருதே, பட்டுப் பிரிவுல ஒங்களுக்கு நிக்க நேரமிருக்காதே. பேசாம எப்படிச் சமாளிக்கிய? சைகையில காட்டுதியளா?"

அவர் நகம் ரிசீவரின்மேல் நின்றுவிட்டது.

"அப்பா, இருக்கியளா?"

ஒரு தட்டு.

"ஆத்துக்கெல்லாம் போயிராதிய, என்ன? தண்ணிப் பக்கமே போக வேண்டாம்."

அவர் தட்டவில்லை. அவள் இன்னும் ஏதேதோ சொன்னாள். பேத்திக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். அவர் ஒரு தட்டுத் தட்டி, ரிசீவரை வைத்துவிட்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று காஜா முகைதீன் கேட்டான். ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினார்.

சாயங்காலம் மாடிக்குப் போய் அந்த நம்பருக்கு அடித்தார். 'இது யாரு.'

கோயில் விளக்கு எரிந்தது. தெருவில் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் வந்து, கலைந்தது. பதில் வந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார்.

'மாமா, நான்தான். குமரன். மொத மெசேஜை வாசிச்சுக் காமிச்சேன். சித்ரா அழுதுட்டு உள்ள போயிட்டா. போனத் தொடமாட்டேன்னுட்டா. நீங்க பதிலுக்குக் காத்திருப்பீங்கன்னு நான் எழுதினேன். அப்புறம் நிறுத்த முடியல. பழகிப்போச்சு. மன்னிக்கணும்.'

சிவசைலத்துக்கு முதலில் வந்தது வெட்கம். கட்டுகளுக்கு நடுவே அழுததை யாரிடம் சொல்லியிருக்கிறோம்! மூன்று சொல்லுக்குமேல் பேசாத மாப்பிள்ளையிடம். அதற்குப் பிறகு கோபம் வந்தது. அதற்கும் பிறகு, மகள் ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை என்பது மெதுவாக உள்ளே இறங்கியது. அவர் போனை அணைத்து அலமாரியில் வைத்தார்.

பல நாள் எடுக்கவில்லை. கடைக்குப் போனார், விலைச்சீட்டு ஒட்டினார், வந்தார். செல்லக்கிளி கத்துவதற்குத் தலையாட்டினார். பூத்து வழியாகப் போகாமல் சுற்றுவழியாக வீட்டுக்கு வந்தார். சொம்பு குளியலறை மூலையில் கிடந்தது. சாயங்காலத்தில் கைகளுக்கு வேலையில்லாமல் இருந்தது. சில நேரம் பாயில் படுத்தபடி தொடைமேல் கட்டைவிரல் தானாகவே தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்துவார்.

ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கதவு தட்டியது. சித்ரா, இடுப்பில் குழந்தை, கையில் பை. தனியாக வந்திருந்தாள்.

"அவுக எல்லாத்தையும் சொல்லிட்டாக" என்றாள், வாசலில் நின்றபடியே. "நேத்துத்தான் சொன்னாக. அவுக செல்லுல வச்சிருந்த அத்தனையும் நேத்து ஒக்காந்து படிச்சேன். பொறுக்கமாட்டாம பஸ் ஏறிட்டேன்."

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அது அவர் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்தது. அவள் பதறி எடுக்க வந்தாள். அவர் பரவாயில்லை என்று துண்டை விலக்கிக் காட்டினார். குழந்தை துளையைப் பார்த்தது. அதிலிருந்து வந்த காற்று விரலில் பட்டதும் சிரித்தது. சித்ரா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சமையல் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் பேசினாள்.

"எம்மேல கோவமாப்பா?"

அவர் தலையசைத்தார். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி இருந்தது.

"அன்னைக்கு அவுக வாசிச்சாக. 'சித்ரா, நான் அப்பா'ன்னு. ஒங்க சொல்லுதான், ஆனா அவுக குரல்ல கேட்டுச்சு. எங்காதுக்குள்ள ஒங்க குரல் இன்னும் அப்படியே இருக்குப்பா. மதினின்னு கூப்பிட்டுச் சேலை விக்கது, என்னை 'ஏட்டி'ன்னு அதட்டுதது, எல்லாம் இருக்கு. அந்த எழுத்த வாசிச்சு வாசிச்சு, வேற ஏதோ சத்தம் வந்து அதுமேல ஒக்காந்துருமோன்னு பயந்துட்டேன். அதுல நீங்க கட்டுகளுக்கு நடுவுல அழுததத் தெரிஞ்சுக்கிடாமப் போயிட்டேனே."

சிவசைலம் போனை எடுக்க எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மகளின் முகத்துக்கு நேராக உதட்டை அசைத்தார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி, பைய, ஒவ்வொரு சொல்லாக அசைத்தார்.

"எனக்கு..." என்று அவள் அவர் உதட்டைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு மறந்து... மறந்துட்டு?"

அவர் ஆமாம் என்றார். குரலைத்தான் என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். இன்னும் அசைத்தார்.

"நீ... வச்சிரு." சொல்லி முடித்ததும் அவள் எச்சில் கையோடு அப்படியே இருந்தாள். சோறு காய்ந்தது. குழந்தைதான் இலையை இழுத்து அவர்களைக் கலைத்தது.

மறுநாள் மூன்று பேருமாகத் தேர் பார்த்தார்கள். கூட்டத்தில் இடிபடாமல் ஒரு கடைப்படியில் ஏறி நின்றார்கள். வடம் பிடித்தவர்கள் எழுப்பிய சத்தத்தில் ஊரே அதிர்ந்தது. பக்கத்தில் எல்லோரும் வாய் திறந்து கத்தினார்கள். சிவசைலமும் வாயைத் திறந்தார். அந்த இரைச்சலில் யார் சத்தம் வந்தது, யார் சத்தம் வரவில்லை என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சித்ராவுக்குத் தெரிந்தது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் இருந்தாள். நிறையப் பேசினாள். உதட்டைப் படிக்க ஓரளவு வந்துவிட்டது. வராத இடத்தில் இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். "கோயம்புத்தூருக்கு வந்துருங்கப்பா" என்று கேட்டாள். அவர் கடைப் பக்கம் கை காட்டினார், ஆற்றுப் பக்கம் கை காட்டினார். அவள் மறுபடி கேட்கவில்லை. "நான் போன் பண்ணுவேன். நீங்க தட்டுங்க, போதும். எழுதுதது எனக்கு வராதுப்பா. முயற்சி பண்ணுதேன், ஆனா வராது" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வீட்டைத் திறந்ததும் மகள் செய்துவைத்த குழம்பின் வாசம் அடித்தது. விளக்குப் போட்டார். குழந்தை சிதறிய பொரி தரையில் அங்கங்கே கிடந்தது. அதைக் கூட்டி அள்ளாமல் தாண்டிப் போனார்.

அலமாரியிலிருந்து போனை எடுத்துச் சார்ஜில் போட்டார். உயிர் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். சேர்ந்து கிடந்தவை ஒவ்வொன்றாக வந்தன. பதில் கேட்கும் செய்தி ஒன்றுகூட இல்லை. 'மாமா, இன்னைக்கு ஒரு பெரிய மோட்டார் வந்துச்சு.' 'மாமா, மழை.' 'மாமா, பாப்பா ஒரு அடி எடுத்து வச்சா.' அணைத்துக் கிடந்த போனுக்கு ஒரு மனிதர் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசியாக வந்தது கொஞ்சம் நீளம். 'எனக்கு வாயில பேச்சு வராது மாமா. சின்னதுலேருந்தே அப்படி. சித்ரா திட்டுவா. இதுல எழுத வருது. உங்களுக்கு எழுதினப்பதான் தெரிஞ்சுது.'

சிவசைலம் சுவரில் சாய்ந்து நின்றார். மேற்கே பொதிகைப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது, காற்றில் ஈரம் வந்தது. தெருவில் தேர்க்கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

'மாப்ள' என்று தொடங்கினார். 'சித்ரா பஸ் ஏறியாச்சு. சன்னல் பக்கம் சீட்டு. காலையில ஸ்டாண்டுக்குப் போயிருங்க.' அனுப்பப் போன விரல் நின்றது. வேறெதையோ சேர்க்க நினைத்தார். தேரைப் பற்றி எழுதலாம், சாரல் வந்து ஆற்றில் தண்ணீர் கூடியிருப்பதை எழுதலாம். கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. எழுத்துகள் மறுபடி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அழித்தார். படகையும் கொக்கியையும் தேடி, ஒவ்வொன்றாக முதலிலிருந்து அழுத்தினார். அவசரப்படுத்த வீட்டில் யாரும் இல்லை.